சிவப்புப் பாவாடை நீலமான கதை: ஓர் அக்கார்டியன்காரரின் வாழ்க்கை

வணக்கம் நேயர்களே.

இசைக்கருவிகளைப் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். எந்தக் கருவி என்று அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் அக்கார்டியன் என்று சொல்லிவிட்டேன். நான் ஓர் அக்கார்டியன்காரரின் மகள். என் அப்பா மதுரைப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் இருபது வருஷத்துக்கு மேல் வாசித்தார். பங்குனியில் தொடங்கினால் ஆடி முடியும்வரை கோயில் திருவிழாக் கச்சேரிகள், நடுநடுவே கல்யாண வரவேற்புகள். இரவு பத்து மணிக்கு மேடையேறி, விடியற்காலை மூன்று மணிக்கு இறங்கி, வேனில் தூங்கிக்கொண்டே வந்து சேருவார். நாங்கள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது படுத்திருப்பார், திரும்பி வரும்போது அடுத்த ஊருக்குக் கிளம்பிப் போயிருப்பார்.

கச்சேரி இல்லாத நாட்களில் திண்ணையில் உட்கார்ந்து ஒரே ஒரு மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பார். கப்பலில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த கேசட்டில் இருந்த மெட்டு அது. கேசட்டின் மேல் பெயர் எதுவும் எழுதியிருக்கவில்லை. மூன்று மூன்று தட்டாகச் சுழன்று போகும் தாளம், ஊஞ்சலில் உட்கார்ந்து ஆடுவது போலவே இருக்கும். அது யாருடைய பாட்டு என்று அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. அவர் போய்ப் பல வருஷம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. அதன் பெயர் 'புளூ ஸ்கர்ட் வால்ட்ஸ்', நீலப் பாவாடை வால்ட்ஸ். வால்ட்ஸ் என்பது அந்த மூன்று தட்டுத் தாளத்தில் ஆடும் நடனம். 1949-இல் அமெரிக்காவில் வெளிவந்து பத்து லட்சம் பிரதிக்கு மேல் விற்ற இசைத்தட்டு. அதை வாசித்தவர் ஃபிராங்கி யாங்கோவிக். இன்றைக்கு அவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அவரிடம் போவதற்கு முன்னால் அந்த மெட்டு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அது செக் நாட்டு மெட்டு. வாட்ஸ்லாவ் பிளாஹா என்ற செக் இசையமைப்பாளர் போட்டது. செக் மொழியில் அதற்கு 'செர்வெனா சுகின்கா' என்று பெயர், அதாவது சின்னச் சிவப்புப் பாவாடை. அமெரிக்காவில் மிட்செல் பாரிஷ் என்ற பாடலாசிரியர் அதற்கு ஆங்கில வரிகள் எழுதியபோது சிவப்பு நீலமாகிவிட்டது. 'ஸ்டார்டஸ்ட்' என்ற மிகப் பிரபலமான பாட்டுக்கு வரிகள் எழுதியவரும் இந்தப் பாரிஷ்தான். ஆக, செக் கிராமத்துப் பெண்ணின் சிவப்புப் பாவாடை, நியூயார்க் பாடலாசிரியர் கையில் நீலமாகி, கிளீவ்லண்டு அக்கார்டியன்காரர் ஒருவரின் விரலில் ஏறி, எங்கோ ஒரு துறைமுகத்தில் கேசட்டாகி, எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருக்கும்.

யாங்கோவிக்குக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது போல்கா என்ற நடன இசை. அந்தப் போல்கா நடனமே செக் மக்களுடையதுதான். 1830களில் பொஹீமியா கிராமங்களில் கிளம்பியது. 'பூல்கா' என்றால் செக் மொழியில் பாதி. காலைப் பாதியாக எடுத்துவைக்கும் அந்தத் துள்ளல் அடியிலிருந்து பெயர் வந்தது என்பார்கள். பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் பாரிஸ், லண்டன், அமெரிக்கா என்று எல்லா ஊர் நடனக் கூடத்திலும் அதுதான் பேச்சு. இன்னொரு செக் மெட்டும் இருக்கிறது, அதை நீங்கள் எங்கேயாவது கட்டாயம் கேட்டிருப்பீர்கள். பிராக் நகரத்துக்குத் தெற்கே ஸ்ப்ராஸ்லாவ் என்ற ஊர்க்காரர் யாரோமிர் வெய்வோடா 1927-இல் போட்டது. பிற்பாடு அதற்குச் செக் வரிகள் சேர்ந்தபோது 'வீணாய்ப்போன காதல்' என்கிற அர்த்தத்தில் பெயர் வைத்தார்கள். ஜெர்மானியர்கள் அதை 'ரோசமுண்டே' என்று ஒரு பெண் பெயரில் பாடினார்கள். 1939-இல் அமெரிக்காவில் அது 'பீர் பேரல் போல்கா' ஆயிற்று, பீர்ப் பீப்பாயை உருட்டிக் கொண்டுவா என்று பாடும் பாட்டு. இரண்டாம் உலகப்போரில் எதிரெதிரே நின்று சுட்டுக்கொண்ட இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும், அவரவர் மொழியில், இந்த ஒரே மெட்டைத்தான் பாடினார்கள்.

யாங்கோவிக் செக்காரர் கிடையாது. இன்னொரு ஸ்லாவ் இனம், ஸ்லொவேனியர். அவருடைய அப்பா அம்மா இருவரும் ஸ்லொவேனியாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். 1915 ஜூலை 28 அன்று மேற்கு வர்ஜீனியாவில் டேவிஸ் என்ற மரம் வெட்டும் ஊரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லண்டுக்குக் குடிபெயர்ந்து, காலின்வுட் என்ற பகுதியில் தங்கிவிட்டது. அன்றைய கிளீவ்லண்டு என்றால் எஃகு ஆலைகள், ரயில் பணிமனைகள், ஏரிக்கரைத் துறைமுகம், புகை. செக்காரர்கள், ஸ்லொவேனியர்கள், போலந்துக்காரர்கள், இத்தாலியர்கள் எல்லாம் தெருத்தெருவாகப் பிரிந்து வாழ்ந்தார்கள். ஸ்லொவேனியாவுக்கு வெளியே ஸ்லொவேனியர்கள் மிக அதிகமாக வாழ்ந்த ஊர்களில் ஒன்று அது. தாய்மொழியில் பத்திரிகை, தேவாலயம், செயிண்ட் கிளேர் அவென்யூவில் சொந்தமாகக் கட்டிய பெரிய சமூகக் கூடம் என்று ஒரு முழு ஊரே அந்த ஊருக்குள் இருந்தது.

அந்தக் குடும்பங்களில் ஒரு வழக்கம் இருந்தது. தனியாக வந்த தொழிலாளிகளுக்கு வீட்டில் இடம் கொடுத்து, சமைத்துப் போட்டு, துணி துவைத்துக் கொடுத்து, வாரத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்வார்கள். அந்த வருமானத்தைச் சம்பாதித்தது முழுக்க வீட்டுப் பெண்கள். யாங்கோவிக் வீட்டிலும் அப்படித் தங்கியிருந்தவர்களில் மாக்ஸ் ஜெலோடெட்ஸ் என்று ஒருவர், பொத்தான் அக்கார்டியன் வாசிப்பார். நாள் முழுதும் உழைத்துவிட்டு வந்தவர்கள் ராத்திரி சாப்பிட்டபின் அந்த வாசிப்பைக் கேட்டுக்கொண்டே ஊர் ஞாபகத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு சின்னப் பையன் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். குருகுலம் எல்லாம் ஒன்றும் கிடையாது, அங்கே பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் அவருடைய பாலபாடம்.

கருவியைப் பற்றி இரண்டு வார்த்தை. நம்முடைய ஆர்மோனியத்தைத் தூக்கி நெஞ்சில் மாட்டிக்கொண்டால் எப்படி இருக்குமோ, கிட்டத்தட்ட அதுதான் அக்கார்டியன். இரண்டிலும் துருத்திக் காற்றில் உலோக நாக்குகள் அதிர்ந்துதான் ஒலி வருகிறது. பொத்தான் அக்கார்டியனில் ஒரு வினோதம் உண்டு: ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டு துருத்தியை இழுத்தால் ஒரு சுரம், அமுக்கினால் வேறு சுரம். பியானோ அக்கார்டியனில் அந்தச் சிக்கல் இல்லை, வலது பக்கம் பியானோ மாதிரி கட்டைகள், இடது பக்கம் தந்திரமாக அடுக்கிய சின்னப் பொத்தான்கள், பெரியதில் 120 இருக்கும். இடது கை ஒரு வாருக்குள் நுழைந்து துருத்தியை இழுக்கவும் வேண்டும், அதே நேரம் பார்க்காமலே அந்தப் பொத்தான்களைத் தேடிப் பிடிக்கவும் வேண்டும். எல்லாம் விரல் நுனியின் ஞாபகம்தான். பத்து கிலோவைத் தோளில் சுமந்துகொண்டு இதைச் செய்வார்கள். என் அப்பாவின் இரண்டு தோளிலும் வாரின் தடம் கறுப்பாகவே பதிந்துபோயிருந்தது.

பையனுக்குப் பியானோ அக்கார்டியன் மேல் ஆசை. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, வாத்தியத்தில் சோறு கிடைக்காது என்பது அவர் கருத்து, எந்த அப்பாவும் சொல்வதுதானே. அம்மா என்ன செய்தார் என்றால், சேர்த்துவைத்த பணத்திலிருந்து 500 டாலர் எடுத்து, கணவருக்குத் தெரியாமல் பையனுக்கு அதை வாங்கிக் கொடுத்துவிட்டார். பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம் அது, 500 டாலர் என்றால் சாதாரணமா? பையன் தன் அக்கா வீட்டில் கருவியை மறைத்துவைத்துப் பழகினான். பிறகு ஒரு கிறிஸ்துமஸ் நாளில் அப்பா முன்னால் நின்று வாசித்துக் காட்டினான், அப்பா இளகிவிட்டார். உலகம் அவரை ராஜா என்று கொண்டாடியதற்கெல்லாம் முதல் போட்டது அந்தச் சமையல்கட்டுப் பணம். அந்த அம்மாவின் பெயர் ரோஸ், அதையும் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் அவர் பெயர் விட்டுப்போகக் கூடாது.

அப்புறம் கல்யாண வீடுகள், கூடங்கள், உள்ளூர் வானொலி. பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகள் வேண்டாம் என்றபோது, 1930களில் சொந்தமாகவே இசைத்தட்டு போட்டு விற்றார். 1940-இல் கல்யாணம். 1941-இல் காலின்வுட்டில் தன் பெயரிலேயே ஒரு மதுக்கடை திறந்தார், இசைக்காரர்கள் எல்லாம் வந்து கூடும் இடமாக அது ஆகிவிட்டது. அந்த வருஷம் டிசம்பரில்தான் பேர்ல் ஹார்பர் என்ற அமெரிக்கக் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கியது, அமெரிக்காவும் போரில் இறங்கியது.

1943-இல் ராணுவத்தில் சேர்ந்தார். கல்யாணமாகி, குழந்தையும் இருந்தது. கடல் கடந்து போவதற்கு முன்னால் விடுப்பில் வந்தவர் செய்த காரியம்தான் என்னை மிகவும் தொட்டது. குழுவைக் கூட்டிக்கொண்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய், ஒரே மூச்சில் 32 பாட்டுகளைப் பதிவு செய்தார். திரும்பி வருவோமோ மாட்டோமோ என்று தெரியாத ஒரு மனிதர், நான் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு இது இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். இது என் ஊகம்தான், ஆனால் கச்சேரிக்காரர் வீட்டில் வளர்ந்தவளுக்கு வேறு மாதிரி நினைக்கத் தோன்றவில்லை.

1944 டிசம்பர் 16 அன்று, பெல்ஜியம், லக்சம்பர்க் எல்லையில் ஆர்டென் காட்டுக்குள் ஜெர்மன் படை திடீரென்று பாய்ந்தது. பல்ஜ் போர் என்று அதைச் சொல்வார்கள். அமெரிக்கப் படைக்கு அந்தப் போர் முழுவதிலும் மிகப் பெரிய இழப்பு அங்கேதான், இறந்தவர்கள் மட்டும் சுமார் 19,000 பேர். ஐரோப்பாவில் பல வருஷங்களில் காணாத குளிர். பனிக்குள் தோண்டிய குழியில் ஈரக் காலுறையோடு நாள்கணக்காகக் கிடந்ததில், குண்டடி படாமலே ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கைகால்கள் குளிரில் பாழாயின. காலாட்படையில் இருந்த யாங்கோவிக்கும் அதில் மாட்டினார். கைகளிலும் கால்களிலும் கடுமையான பனிக்கடி, அது முற்றிச் சதை அழுகத் தொடங்கிவிட்டது. மருத்துவர்கள் கைகளையும் கால்களையும் வெட்டி எடுக்க வேண்டும் என்றார்கள். உயிரைக் காப்பாற்ற அதுதான் வழி என்பது அவர்கள் கணக்கு, அதில் தப்பு சொல்ல முடியாது.

அவர் முடியாது என்றுவிட்டார்.

செத்தால் இப்படியே சாகிறேன், கையை எடுக்க விடமாட்டேன் என்று முடிவெடுக்கும்போது அவருக்கு இருபத்தொன்பது வயது. குழந்தைகளுக்கு அப்பா. சிலர் இதைக் கேட்டுவிட்டு, குடும்பத்தை நினைத்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார் என்று சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. அக்கார்டியன்காரர் ஒருவருக்கு வலது கையும் இடது கையும் வெறும் உறுப்பு மட்டும் இல்லை, அவர் வீட்டில் அடுப்பெரிவது அந்தக் கைகளால்தான். என் அப்பாவுக்கு ஒருமுறை வேன் கதவில் விரல் நசுங்கி, மூன்று மாதம் கட்டு போட்டிருந்தார். அந்த மூன்று மாதமும் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசியது எனக்கு ஞாபகமில்லை. கட்டைப் பிரித்ததும் அவர் முதலில் என்ன செய்தார் தெரியுமா, சுவரில் விரல்களை வைத்துச் சுரவரிசையைத் தட்டிப் பார்த்தார், ஒலியே இல்லாமல். யாங்கோவிக்கின் கதையைப் படித்தபோது எனக்கு அந்தச் சுவர்தான் ஞாபகம் வந்தது.

வாரக்கணக்கில் சிகிச்சை நடந்தது. அழுகல் நின்றது. மெல்ல மெல்ல உணர்வு திரும்பியது. ராணுவ மருத்துவமனையில் விரல்களுக்குப் பயிற்சியாகவே அவர் கையில் ஓர் அக்கார்டியனைக் கொடுத்தார்கள். மரத்துப்போன விரல்கள் கட்டைகளைத் தேடின. சுற்றிலும் படுக்கையில் கிடந்த சிப்பாய்களுக்கு அது கச்சேரி, அவருக்கு அது மருந்து. தேறியபின் படையினருக்காக வாசிக்கும் பிரிவில் சேர்ந்து வாசித்தார், 1945 முடிவில் வீடு திரும்பினார்.

திரும்பாதவர்களும் இருந்தார்கள். டெக்சஸ் மாநிலத்தில் பிராஹா என்று ஒரு குட்டி ஊர் இருக்கிறது, செக் குடியேறிகள் தங்கள் தலைநகரின் பெயரையே வைத்த ஊர். வயலுக்கு நடுவே அழகான ஒரு தேவாலயம், அதன் உட்கூரை முழுக்க ஓவியம், சுற்றி ஒரு கைப்பிடி வீடுகள். அவ்வளவு சின்ன ஊரிலிருந்து இரண்டாம் உலகப்போரில் ஓராண்டுக்குள் ஒன்பது பையன்கள் இறந்துபோனார்கள். இன்றும் ஒவ்வொரு நவம்பரிலும் அங்கே கூடி அந்த ஒன்பது பேரையும் நினைக்கிறார்கள். அந்தப் பகுதியில் பாக்கா குடும்பம், படேக் குடும்பம் என்று தலைமுறை தலைமுறையாகப் போல்கா வாசித்த குடும்பங்கள் உண்டு. ஃபாயெட்வில் ஊரில் பாக்கா குடும்பத்தார் 1892-லேயே குழு கட்டியவர்கள். ஷைனர் ஊரில் ஜோ படேக் ஒரு பக்கம் குழுவை நடத்திக்கொண்டே இன்னொரு பக்கம் மளிகைக்கடையும் இறைச்சிக்கடையும் வைத்திருந்தார். வாசிக்கிறவர், போருக்குப் போய் வந்தவர், குடும்பஸ்தர் என்று தனித்தனியாக அங்கே ஆள் கிடையாது, ஒரே மனிதர்தான் சனிக்கிழமை இரவு மேடையில் நிற்பார், ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைகளோடு கோயிலில் இருப்பார், திங்கட்கிழமை பருத்திக் காட்டில் நிற்பார். யாங்கோவிக்கின் இசைத்தட்டுகளை வாங்கியவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்கள்தான்.

போருக்குப் பிறகு அவர் செய்த பெரிய காரியம் என்று நான் நினைப்பது இதுதான். அதுவரை போல்கா அவரவர் தெருவுக்குள்ளேயே இருந்தது. செக்காரர்கள் வாசித்தால் டிரம்பெட், கிளாரினெட், டியூபா என்று ஊதுகருவிகள் நிறைந்திருக்கும், பாட்டு செக் மொழியில். போலந்துக்காரர்களுக்கு வேறு பாணி. ஸ்லொவேனியர்களுக்கு அக்கார்டியன். யாங்கோவிக் இரண்டு அக்கார்டியன், பாஞ்சோ என்ற தந்திக்கருவி ஒன்று, பேஸ், பியானோ என்று குழுவை அமைத்தார், இரண்டாவது அக்கார்டியனில் ஜானி பெக்கான், பாஞ்சோவில் ஜார்ஜி குக், இவர்கள் எல்லாம் அசல் வித்தைக்காரர்கள். பாட்டுகளைத் துணிந்து ஆங்கிலத்தில் பாடினார். ராணுவத்தில் ஒரே குழிக்குள் செக்காரர் பையனும் போலந்துக்காரர் பையனும் ஐரிஷ் பையனும் தோளோடு தோள் கிடந்துவிட்டு வந்திருந்தார்கள், ஊருக்குத் திரும்பியபின் சேர்ந்து ஆட அவர்களுக்குப் பொதுவாக ஒரு பாட்டு வேண்டியிருந்தது. தாத்தா பாட்டி ஊர்ப் பாட்டை வெட்கப்படாமல் பாட, எல்லோருக்கும் புரிகிற மொழியில் அவர் வழி போட்டுக் கொடுத்தார். தாய்மொழியை விட்டுவிட்டார் என்று வருத்தப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள். அந்த வருத்தமும் நியாயமானதுதான்.

1946-இல் கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனி அவரை எடுத்துக்கொண்டது. அமெரிக்கத் தெற்குப் பகுதியின் கிராமியப் பாடகர்கள் 1930களில் பாடிவந்த 'ஜஸ்ட் பிகாஸ்' என்ற பாட்டைப் போல்காவாக மாற்றிப் பதிவு செய்ய வேண்டும் என்றார் யாங்கோவிக். கம்பெனிக்காரர்களுக்கு அதில் நம்பிக்கையே இல்லை. முதல் பத்தாயிரம் தட்டுகளை நானே காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் சண்டை போட்டுத்தான் அது பதிவானது என்று சொல்வார்கள். 1948-இல் அது நாடு முழுக்க ஓடியது, பத்து லட்சத்தைத் தாண்டி விற்றது. அதே வருஷம் மில்வாக்கி நகரத்தில் நடந்த போட்டியில் கூட்டம் அவரை அமெரிக்காவின் போல்கா அரசர் என்று தேர்ந்தெடுத்தது. மில்வாக்கி என்பது ஜெர்மானியர்களும் போலந்துக்காரர்களும் நிறைந்த ஊர், அங்கே ஒரு ஸ்லொவேனியரைத் தூக்கி உட்காரவைத்தார்கள் என்பது சின்ன விஷயமா என்ன? மறுவருஷம்தான் நம்முடைய நீலப் பாவாடை. மார்லின் சகோதரிகள் என்ற இருவர் அதில் குரல் கொடுத்தார்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்குச் சொல்லக் கஷ்டமாக இருக்கிற பகுதி.

அவருக்கு மொத்தம் பத்துப் பிள்ளைகள். முதல் மனைவியோடு எட்டு, இரண்டாம் மனைவியோடு இரண்டு. இத்தனை பேருக்கும் சோறு போட்டது அந்தத் துருத்திதான். ஆனால் அந்தத் துருத்தி ஊர் ஊராகப் போனால்தான் காசு. வருஷத்துக்கு 300 இரவு வெளியூரில் வாசித்தார் என்கிறார்கள். விஸ்கான்சின், மினசோட்டா, நெப்ராஸ்கா, பென்சில்வேனியா என்று பனிக்காலத்திலும் சாலை வழியாகவே பயணம், இன்று இரவு ஒரு நடனக்கூடம், நாளை இரவு 400 மைல் தள்ளி இன்னொன்று. மதுக்கடையை விட்டார், வீட்டையும் ஒரு வகையில் விட்டார். 1950களில் ராக் அண்ட் ரோல் வந்து இளைஞர்கள் எல்லாம் அந்தப் பக்கம் போனபின்னும் அவர் நிற்கவில்லை, கூட்டம் குறைந்தால் இன்னும் அதிக ஊர்களுக்குப் போனார். முதல் கல்யாணம் 1960களின் இறுதியில் விவாகரத்தில் முடிந்தது. அதன்பிறகு இரண்டு முறை மணந்தார்.

இறந்தபின் எழுதுகிறவர்கள் 'இசைக்கலைஞர், போர்வீரர், குடும்பத்தை நேசித்த மனிதர்' என்று மூன்றையும் ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். மூன்றும் உண்மைதான். ஆனால் அந்த வரிக்குள் வீட்டில் இருந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்? எட்டுப் பிள்ளைகளுக்கும் காய்ச்சல் வந்தபோது உட்கார்ந்திருந்தவர், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டவர், இன்று எந்த ஊரிலிருந்து போன் வரும் என்று காத்திருந்தவர் யார்? எங்கள் வீட்டில் அது அம்மா. அப்பா ஊரில் இல்லாத அம்மன் திருவிழாக்களை எண்ணினால் இருக்கிறவற்றைவிட அதிகமாக இருக்கும், எல்லாம் வேறு ஊர் அம்மனுக்கு வாசித்துக்கொண்டிருப்பார். எனக்கு அவர் மேல் கோபம் உண்டு, சின்ன வயதில் நிறையவே உண்டு. அவர் எங்களை நேசித்தார் என்பதிலும் சந்தேகம் கிடையாது, பத்தாம் வகுப்புக்கு நான் கட்டிய பணம் எந்த ஊர்க் கச்சேரியில் வந்தது என்றுகூட எனக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. ஆர்டென் பனியில் கையைக் கொடுக்க மாட்டேன் என்றாரே யாங்கோவிக், அந்தப் பிடிவாதமும், வீட்டில் இல்லாமல் போன 300 இரவுகளும் ஒரே குணத்தின் இரண்டு பக்கம் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தக் கையை வைத்துக்கொண்டு வாசிக்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிராமி விருதுகளில் போல்காவுக்கு என்று ஒரு பிரிவை முதன்முதலாக 1986-இல் கொண்டுவந்தபோது, முதல் விருது அவருக்கே கிடைத்தது, எழுபது வயதுக்காரருக்கு. அந்தப் பிரிவையே 2009-இல் எடுத்துவிட்டார்கள், அது எனக்கு வருத்தம்தான். ஜோயி மிஸ்குலின் மாதிரி இளம் வாசிப்பாளர்களைச் சின்னப் பையனாக இருக்கும்போதே குழுவில் சேர்த்து வளர்த்தார். இன்னொரு சுவையான தகவல்: 'வியர்ட் அல்' யாங்கோவிக் என்று நையாண்டிப் பாட்டுப் பாடும் பிரபலம் ஒருவர் இருக்கிறார் அல்லவா, அவர் உறவுக்காரர் கிடையாது, ஆனால் குடும்பப்பெயர் ஒன்று என்பதாலேயே உலகத்தில் அக்கார்டியன் வாசிக்கும் யாங்கோவிக் இன்னும் ஒருவராவது வேண்டும் என்று அவருடைய பெற்றோர் அவரைச் சேர்த்துவிட்டார்களாம். பின்னாளில் இருவரும் நல்ல சிநேகிதர்கள்.

1998 அக்டோபர் 14 அன்று ஃபுளோரிடாவில் நியூ போர்ட் ரிச்சி என்ற ஊரில் யாங்கோவிக் இறந்தார். வயது 83. உடலைக் கிளீவ்லண்டுக்கே கொண்டுவந்து கால்வரி கல்லறையில் அடக்கம் செய்தார்கள். பக்கத்தில் யூக்ளிட் என்ற ஊரில் போல்கா கலைஞர்களுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. என்றைக்காவது போக முடிந்தால் அங்கே ஒரு அக்கார்டியனின் வாரைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை, தோள் பட்ட இடம் தேய்ந்திருக்கும் இல்லையா.

சரி, நேரமாகிவிட்டது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். அந்தப் பாட்டையே கேட்போம் என்று கேட்டிருந்தேன், தேடி எடுத்துவைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு என் நன்றி. கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். முதலில் பாட்டுக் காதில் விழும், அதை விட்டுவிட்டு அடியில் போகிற அக்கார்டியனைப் பிடியுங்கள். வரி முடிகிற இடத்தில் துருத்தி திரும்பும், இழுப்பிலிருந்து அமுக்குக்கு. நல்ல வாசிப்பில் அந்தத் திருப்பம் தெரியவே கூடாது. அப்பா திண்ணையில் வாசிக்கும்போது மட்டும் அங்கே ஒரு சின்ன மூச்சு கேட்கும், அவர் அதைச் சரிசெய்யத்தான் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார் என்று இப்போது தெரிகிறது. இதோ, போடுகிறார்கள்.